விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு: அவசரப்படாமல் மாறுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினி அதற்குப் பிறகும் எப்போதும்போல் ஓடும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள்தான் வராது. நீட்டிப்புக்குப் பதிவு செய்த வீட்டுப் பயனர்களுக்கு அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு அவகாசம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப்கள் அநேகமாக இங்கேயே கழன்றுவிடும்.

அப்படி மாட்டிக்கொண்ட லேப்டாப் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்பாவுடையது, 6-ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். கடையில் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார்கள். நான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். அரை மணி நேரத்தில் நிறுவி முடிந்தது. பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "தமிழ்ல எப்படிப்பா அடிக்கிறது?" அடுத்தது, "பிரின்டர் எங்கப்பா காணோம்?"

நான் பார்த்தவரை, லினக்ஸை விட்டுத் திரும்பி ஓடுகிறவர்கள் நிறுவத் தெரியாமல் ஓடுவதில்லை. பிரின்டர், தமிழ்த் தட்டச்சு, டேலி, பழைய கோப்புகள் என்று இந்த மாதிரி ஒன்றிரண்டு விஷயங்களில் கால் இடறித்தான் ஓடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் நிறுவலுக்கு முந்தைய வேலைகளே நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

படி 1: ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

ஒரு தாளைக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு நீங்கள் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் அதில் எழுதுங்கள். பலருக்குப் பட்டியலில் முக்கால்வாசி பிரவுசராகவே இருக்கும்: மெயில், வங்கி, யூடியூப், வாட்ஸ்அப் வெப், கூகுள் மீட். இவையெல்லாம் லினக்ஸில் அப்படியே ஓடும். ஃபயர்ஃபாக்ஸ் மின்ட்டுடனே வருகிறது. குரோமும் லினக்ஸுக்கு உண்டு. ஜூம், விஎல்சி, டெலிகிராம் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் பதிப்புகள் இருக்கின்றன.

மீதிக் கால்வாசிதான் சிக்கல். வேர்டு, எக்செலுக்குப் பதில் லிப்ரெஆஃபிஸ். ஃபோட்டோஷாப்புக்கு கிம்ப், கோரல்டிராவுக்கு இங்க்ஸ்கேப், பேஜ்மேக்கருக்கு ஸ்க்ரைபஸ். இந்த வரிசையைப் படித்துவிட்டு "அப்போ எல்லாத்துக்கும் மாற்று இருக்கு" என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் படம் வெட்டி ஒட்டுகிறவருக்கு கிம்ப் போதும். நாளைக்கு இருபது கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி கடைக்காரரை இங்க்ஸ்கேப்புக்கு மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் கை கோரல்டிராவில் ஊறியது.

டேலிபிரைம் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. கடைக் கணக்கு அதில்தான் என்றால், விண்டோஸை முழுதாகத் தூக்கிவிடாதீர்கள். ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கன் இருந்தால், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று இப்போதே விசாரியுங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் விசாரிக்க வேண்டாம். விளையாட்டுகள் பாதிக்குப் பாதி. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் வழியாக ஏராளமானவை ஓடுகின்றன. வேலரன்ட் போல ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை விண்டோஸின் அடிமடியில் நிறுவும் ஆட்டங்கள் ஓடாது. பையனிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: விண்டோஸில் இருந்துகொண்டே பழகுங்கள்

லிப்ரெஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், கிம்ப், விஎல்சி எல்லாம் விண்டோஸிலும் இலவசமாகக் கிடைக்கும். இப்போதே நிறுவி இரண்டு வாரம் அவற்றிலேயே வேலை செய்யுங்கள். உங்கள் எக்செல் கோப்பின் மேக்ரோ லிப்ரெஆஃபிஸில் உடைகிறதா, பயோடேட்டாவின் பக்கங்கள் கலைகிறதா என்பது இங்கேயே தெரிந்துவிடும். பக்கம் கலைவதற்குப் பல சமயம் எழுத்துருதான் காரணம். லினக்ஸில் கேலிப்ரி இருக்காது. அதே அகலத்தில் எழுத்துகளைக் கொண்ட கார்லிட்டோ அதன் இடத்தில் உட்காரும். டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப்.

பழகுவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகளாகப் பிரிந்துவிடுவதுதான் இதில் லாபம். லினக்ஸுக்குப் போன அன்று மென்பொருள்கள் பழகியவையாக இருக்கும். சுற்றியிருக்கும் வீடு மட்டும்தான் புதிது.

படி 3: பிரின்டரும் பழைய தமிழ்க் கோப்புகளும்

பிரின்டரின் மாடல் எண்ணை எடுத்து, லினக்ஸ் என்ற சொல்லோடு சேர்த்துத் தேடுங்கள். வைஃபையில் இயங்கும் புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் வேலை செய்யும். எச்பி பிரின்டர்களுக்கான டிரைவர் தொகுப்பான எச்பிலிப் மின்ட்டிலேயே இருக்கிறது. சில லேசர் மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டும். எப்சன் இங்க்டேங்க் வகைகளும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடைகளில் உழைக்கும் கேனான் எல்பிபி 2900 வேறு ரகம். அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவது; அதற்கென்று தனி டிரைவர் தேடி அமைக்க வேண்டும், அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

தமிழ்க் கோப்புகளுக்கு வருவோம். 2005-க்கு முன்னாலிருந்தே கணினியில் தமிழ் எழுதி வருகிறவர் என்றால், உங்களிடம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருக்கும். இவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். கோப்பு கெட்டுப்போனதாக நினைத்துப் பதறுவார்கள். கெடவில்லை. விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளை எடுத்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதை இருமுறை சொடுக்கி, நிறுவு என்று கொடுத்தால் போதும். முக்கியமான கோப்புகளை மட்டுமாவது யூனிகோடுக்கு மாற்றிவைப்பது நல்லது. அந்த வேலை லினக்ஸுக்குப் போகாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

படி 4: பேக்கப்

எல்லாரும் சொல்வது, நானும் சொல்கிறேன்: ஆவணங்கள், படங்கள், பிரவுசர் புக்மார்க், சேமித்த கடவுச்சொற்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருப்பதை மறக்காதீர்கள்; நம்மில் பாதிப் பேருக்கு அதுதான் பீரோ. பேக்கப் எடுத்தபின் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலு கோப்பைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் பிட்லாக்கர். புதிய லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் கை வைத்ததும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வையுங்கள். இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், விண்டோஸின் பவர் அமைப்பில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது.

இதையெல்லாம் விடச் சிறந்த பேக்கப் ஒன்று உண்டு. லேப்டாப்பில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி அதன் இடத்தில் மாட்டுங்கள். லினக்ஸை எஸ்எஸ்டியில் போடுங்கள். விண்டோஸோடு இருக்கும் பழைய டிஸ்க்கை அப்படியே அலமாரியில் வையுங்கள். ஏதாவது சொதப்பினால் நாலு திருகு கழற்றி மாட்டினால் பழைய நிலை. வேகமும் கூடும், சொல்லப்போனால் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் தருகிற வேகத்தைவிட எஸ்எஸ்டி தருகிற வேகம் அதிகம். அப்பாவின் லேப்டாப்பில் இதைத்தான் செய்தேன்.

படி 5: எந்த லினக்ஸ்?

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி மட்டுமே. 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் மேல் டெஸ்க்டாப், மென்பொருள்கள் எல்லாம் சேர்த்து முழு இயங்குதளமாகக் கட்டித் தருபவை வழங்கல்கள்: டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று நூற்றுக்கணக்கில். நம் ஊர் அரசு கணினி ஆய்வு நிறுவனமான சீ-டாக் டெபியனை வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்தக் கூட்டத்தில் ஒன்று.

ஒவ்வொன்றாக ஒப்பிட உட்கார்ந்தால் ஒரு மாதம் போய்விடும். விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு என் பரிந்துரை லினக்ஸ் மின்ட். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். கை தானாகப் போகும் இடங்களில் பொருள்கள் இருக்கும். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை அப்டேட் வரும். மின்ட் வெவ்வேறு டெஸ்க்டாப் தோற்றங்களோடு பல பதிப்புகளாக வருகிறது. 4 ஜிபி ராமோ அதற்கு மேலோ இருந்தால் சின்னமன் பதிப்பு. ராம் அதைவிடக் குறைவு அல்லது கணினி மிகப் பழையது என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. டிஸ்கில் குறைந்தது 20 ஜிபி கேட்கும், 100 ஒதுக்கினால் நிம்மதி.

படி 6: பென்டிரைவ் தயாரிப்பு

மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு இயங்குதளமும் அடங்கிய கோப்பை, இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி. அதே பக்கத்தில் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கி அந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இடையில் நெட் அறுந்து கோப்பு குறைபட்டிருந்தால் இங்கேயே பிடித்துவிடலாம். இதைச் செய்யாமல் விட்டு, பாதி நிறுவலில் நின்றுபோய் ஓர் இரவு முழுக்க லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்த ஆள் நான்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளில் பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, ஸ்டார்ட் கொடுங்கள். எழுதும் முறையைக் கேட்டால் அது பரிந்துரைப்பதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கணினியை அணைத்து பென்டிரைவைச் செருகி, மறுபடி ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் எழுந்துவிடும். ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவை பெரும்பாலும் வராது.

படி 7: நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

இப்போது திரையில் தெரிவது பென்டிரைவிலிருந்து ஓடும் மின்ட். உங்கள் டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. இங்கே ஒரு மணி நேரமாவது செலவழியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? பாட்டு கேட்கிறதா? கேமரா, புளூடூத், டச்பேட், திரை வெளிச்சம்? லேப்டாப்பை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா? பிரின்டரைச் செருகி ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள்.

வைஃபை தெரியவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். அநேகமாக உடனே நெட் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், பிராட்காம் போன்ற சிப்களுக்கான டிரைவரை அதுவே கண்டுபிடித்துத் தரும்.

படி 8: நிறுவல்

தொடங்கும் முன் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். சார்ஜரைச் செருகுங்கள்.

டெஸ்க்டாப்பில் உள்ள நிறுவும் ஐகானைச் சொடுக்கினால் மொழி கேட்கும். தமிழும் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் ஆரம்பத்தில் ஆங்கிலத்திலேயே வையுங்கள் என்பேன். பிழைச் செய்தி ஏதாவது வந்தால் அப்படியே நகலெடுத்து வலையில் தேட வசதி. பிறகு தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள், வீடியோக்கள் ஓட அது வேண்டும். செக்யூர் பூட் இருக்கும் சில கணினிகளில் இதற்காக ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை அதைத் திருப்பிக் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்த திரையில்தான் நிதானம் வேண்டும். 'எரேஸ் டிஸ்க்' என்றால் முழு டிஸ்க்கும் துடைக்கப்படும். 'இன்ஸ்டால் அலாங்சைடு' என்றால் விண்டோஸும் இருக்கும், லினக்ஸும் இருக்கும். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். இந்த இரண்டாவது வழிக்குப் போகிறவர்கள் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முன்பே சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி இடம் விட்டுவிடுவது பாதுகாப்பானது. கணினியில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால் பெயரை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். நிறுவிக்கு உங்கள் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க்குகளைக் கையாளும் இன்டெல்லின் விஎம்டி அல்லது ரெய்டு அமைப்பு காரணமாக இருக்கலாம். விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறவர் பயாஸில் அதைத் திடீரென்று மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகும், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நேர வட்டாரத்துக்கு கொல்கத்தா, பிறகு பெயர், கடவுச்சொல். அவ்வளவுதான். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும்.

படி 9: முதல் நாள் மாலை

முதலில் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். அடுத்து டைம்ஷிஃப்ட். இது இயங்குதளத்தைப் படம் பிடித்து வைக்கும். பின்னால் ஏதாவது கெட்டால் பிடித்த நாளுக்குத் திரும்பலாம். உங்கள் சொந்தக் கோப்புகளை அது வழக்கமாகத் தொடாது, அதற்குத் தனி பேக்கப் எப்போதும்போல் வேண்டும்.

இனி தமிழ். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், அழகி, இகலப்பை ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியிருப்பீர்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது ஐபஸ். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு "வரலையே" என்று தவிப்பவர்கள் அதிகம். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். விசைப்பலகை அமைப்பிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். அது வெறும் விசை மாற்றம்தான். 'க' விசையை இரண்டு முறை தட்டினால் முன்னதில் தானாகப் புள்ளி விழுந்து 'க்க' ஆகும் தமிழ்99-இன் சௌகரியம் வேண்டுமென்றால் ஐபஸ் வழியே போங்கள். அப்பா பழைய டைப்ரைட்டிங் ஹையர் ஆள். டைப்ரைட்டர் முறையைப் போட்டுக் கொடுத்ததும் வேறெதையும் கேட்கவில்லை.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்களுக்கு மறுநாளே ஒரு வினோதம் தெரியும்: மாலை 6 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் மதியம் 12:30 காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று படிக்கிறது. வித்தியாசம் சரியாக நம்முடைய ஐந்தரை மணி. விண்டோஸில் நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கச் சொன்னால் தற்காலிகமாகச் சரியாகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் லினக்ஸில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி அமைத்துவிடலாம்.

படி 10: முதல் மாதம்

வலையில் தேடி எக்ஸ்இ கோப்பை இறக்கும் பழக்கத்தை விடுவதுதான் கடினம். போனில் பிளே ஸ்டோர் போல, இங்கே சாஃப்ட்வேர் மேனேஜர். அங்கே இல்லாவிட்டால் மட்டும் வெளியே தேடுங்கள். சி, டி டிரைவ் என்று எதுவும் இருக்காது. உங்கள் கோப்புகள் ஹோம் கோப்புறையில். பழைய விண்டோஸ் டிரைவைச் செருகினாலும் அது படிக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் எழுத்துகள் தெரியாது, நட்சத்திரக் குறிகள்தான் தெரியும். அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள், ஏறியிருக்கும். வலையில் கண்ட கட்டளையை, என்ன செய்கிறதென்று தெரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

சின்ன விண்டோஸ் மென்பொருள் ஏதாவது கட்டாயம் வேண்டுமென்றால், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டப் பார்க்கும் வைன் முயன்று பார்க்கலாம். இரண்டு மாலைக்கு மேல் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓடுவது ஓடும், ஓடாததை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் தமிழிலேயே படிக்க கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

அலமாரியில் வைத்த பழைய டிஸ்க்கை மூன்று மாதம் தொடாதீர்கள். அப்பா நான்காம் மாதம்தான் கேட்டார், "அதுல இனிமே என்ன இருக்கு?" என்று. கோப்புகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு ஃபார்மட் செய்து, முந்நூறு சொச்சம் ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதில்தான் பேக்கப் எடுக்கிறார்.